மாளிகைப் பாடலும் மணவிழா மண்டபமும்: பென் ஜோன்சனின் ‘பென்ஸ்ஹேர்ஸ்றுக்கு’ பற்றிய ஒரு நோக்கு

ஆங்கில இலக்கிய வரலாற்றிலே பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியதாகச் சிறியதொரு பாடல்வகை உண்டு. நிலக்கிழார் ஒருவரின் நாட்டுப்புற மாளிகையை முன்னிலைப்படுத்தி, அதன் மரங்களையும் மடைப்பள்ளியையும் விருந்தோம்பலையும் பாடி, அவற்றினூடாக மாளிகைக்குரியோரைப் புகழ்வது அதன் இயல்பு. ஹிபாட் என்னும் ஆய்வாளர் 1956 இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னர் இதனைத் தனியொரு வகையாகக் கொள்ளும் வழக்கம் வலுப்பெற்றது. கரூ, ஹெரிக், மார்வெல் ஆகியோர் இவ்வகையிற் பாடியுள்ளனர். எனினும் வகையின் இலக்கணத்தை நிறுவியது பென் ஜோன்சனின் ‘பென்ஸ்ஹேர்ஸ்றுக்கு’ என்னும் பாடலே. 1616 இல் வெளிவந்த அவரது நூற்றொகுதியில், ‘வனம்’ என்னும் பகுதியின் இரண்டாம் பாடலாக அது இடம்பெற்றது. ஈரடி இயைபிலமைந்த 102 அடிகளைக் கொண்டது. இளவரசர் ஹென்றி உயிரோடிருப்பவராகப் பாடலிற் குறிக்கப்படுவதால், அவர் இறந்த 1612 நவம்பருக்கு முன்னர் அது எழுந்திருத்தல் வேண்டும்.

பாடலுக்குரிய மாளிகை இன்றும் உண்டு. கென்ற் மாகாணத்திலே, மெட்வே ஆற்றின் அருகே, சிட்னி குடும்பத்தாரின் உடைமையாகவே அது நிற்கின்றது. 1552 ஆம் ஆண்டு தொடக்கம் அக்குடும்பம் அங்கு நிலைபெற்றுள்ளது. 1341 இல் சேர் ஜோன் டி புல்ற்னி என்னும் இலண்டன் வணிகர் எடுப்பித்த பெருமண்டபமும், செஸ்நட் மரத்தாலான அதன் உயர்ந்த கூரையும், மண்டபத்தின் நடுவே எண்கோண வடிவிலமைந்த கணப்பும் அழியாதிருக்கின்றன. இன்று அம்மண்டபம் மணவிழாக்களுக்கும் விருந்துகளுக்கும் வாடகைக்கு விடப்படுகின்றது; திரைப்படக்காரரும் தொலைக்காட்சியினரும் அங்கே படப்பிடிப்பு நடத்துகின்றனர். 2015 இல் ஒளிபரப்பான ‘வுல்ஃப் ஹோல்’ என்னும் வரலாற்று நாடகத்தின் சில காட்சிகள் அங்கு எடுக்கப்பட்டவை. விருந்தினனிடம் எதனையும் எண்ணிப் பாராத வீடு என ஜோன்சன் பாடிய வீடு, தலைக்கு இவ்வளவு என எண்ணி விருந்து வைக்கும் வீடாயிற்று. இம்மாற்றத்தை எள்ளி நகையாடுதல் எளிது. அதனைப் பாடலைப் படிப்பதற்கான ஒரு திறவுகோலாகக் கொள்ளுதல் கூடுதற் பயனுடையது.

பாடல் எதிர்மறையிலே தொடங்குகின்றது. மாளிகை கருங்கல்லாலும் சலவைக்கல்லாலும் பிறர் பொறாமை கொள்ளும் வண்ணம் கட்டப்பட்டதன்று. மெருகிட்ட தூண்களோ பொற்கூரையோ அதற்கில்லை. மண்ணும் காற்றும் மரமும் நீருமே அதன் அணிகள். அடுத்து உணவுப் பட்டியல் வருகின்றது. இதுவே பாடலின் புகழ்பெற்ற பகுதி. வயல்தோறும் கிடக்கும் கௌதாரிகள் கொல்லப்படுவதற்கு மனமுவந்து காத்திருக்கின்றன. கொழுத்த கெண்டைகள் தாமாகவே வலைக்குள் ஓடி வருகின்றன. விலாங்குகள் கரைக்குத் துள்ளுகின்றன, அன்றேல் மீனவனின் கைக்குள்ளேயே பாய்கின்றன. பழங்கள் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்திலே தொங்குகின்றன.

இப்பகுதியைப் பற்றி றேமண்ட் வில்லியம்ஸ் 1973 இல் வெளியிட்ட ‘நாட்டுப்புறமும் நகரமும்’ என்னும் நூலிற் கூறியது பெரிதும் அறியப்பட்டதே. வேல்ஸ் எல்லைப்புறக் கிராமமொன்றிற் புகையிரதச் சமிக்ஞையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து கேம்பிரிட்ஜிற் கற்பித்த அவர், இத்தகைய பாடல்களில் உழைப்பு மாயமாக நீக்கப்பட்டுவிடுகின்றது எனக் காட்டினார். உழுவோரும் மேய்ப்போரும் பிடிப்போரும் சமைப்போரும் மறைய, இயற்கை தானாகவே தலைவனின் மேசைக்கு வந்து சேருகின்றது. பெருமாளிகைகளைக் கண்டு வியப்போர் அவற்றின் அளவை அயலிலுள்ள உழவர் வீடுகளின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, எத்தனை தலைமுறையினரின் உழைப்பு அங்கே குவிந்துள்ளது எனக் கணக்கிட வேண்டும் என்றும் அவர் வேண்டினார். அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் இக்கருத்தின் வலு குன்றவில்லை.

ஆயினும் வில்லியம்ஸின் முடிபை மாத்திரம் எடுத்துக்கொண்டு பாடலைக் கைவிடும் ஒரு போக்கு இலக்கிய மாணவரிடையே காணப்படுகின்றது. நிலவுடைமையாளனைப் புகழ்ந்த பாடல், ஆதலின் பொய். பொய்யாதலின் படிக்க வேண்டியதில்லை என்பது அவர்தம் நியாயம். இது திறனாய்வன்று, தீர்ப்பெழுதும் அவசரம். பொய் எங்கே நிகழ்கின்றது, எந்தச் சொல்லில் அது தடுமாறுகின்றது என்று காண்பதன்றோ திறனாய்வாளனின் பணி? ஜோன்சனின் பாடல் அவ்வகையிலே மிகவும் வாய்ப்பான ஒன்று. ஏனெனில் அது தான் மறைப்பதைத் தானே பெயர் சொல்லி அழைக்கும் பாடல்.

மேற்குறித்த விலாங்கினையே நோக்குக. உழைப்பாளி முற்றாக மறைந்துவிட்டான் என்பது சரியன்று. மீனவனின் கை அங்கே உண்டு. ஆனால் செய்வதற்கு வேலை இல்லாத கையாக அது உண்டு. மீன் தானாக வந்து விழும் கை அது. உழைப்பாளியை நீக்குவதிலும் நுட்பமான செயல் இது. அவனை வைத்துக்கொண்டே அவனுடைய களைப்பை நீக்கிவிடுதல். இவ்விடத்தில் ஜோன்சன் பின்பற்றிய முன்மாதிரியையும் உடன்வைத்து நோக்க வேண்டும். உரோமக் கவிஞன் மார்ஷல், பௌஸ்தீனுஸ் என்பானின் பண்ணைவீட்டைப் புகழ்ந்து பாடிய பாடலொன்றிலிருந்தே இக்கவிதையின் கட்டமைப்பு பெறப்பட்டுள்ளது. மார்ஷலின் பாடலிலே அவ்வீட்டிற் பிறந்து வளர்ந்த அடிமைச் சிறுவர் கணப்பைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். பறவை பிடிப்போரும் தோட்ட வேலை செய்வோரும் பேர்சுட்டப்படாவிடினும் கண்ணுக்குப் புலப்படுகின்றனர். அடிமை முறையை ஒளிக்கவேண்டிய தேவை உரோமக் கவிஞனுக்கு இருக்கவில்லை. அந்தத் தேவை ஜோன்சனின் காலத்துக்குரியது. உரிமையுள்ள குடியானவர் எனச் சொல்லப்பட்டோரின் உழைப்பு எவ்வாறு ஒருவரின் மேசையைச் சென்றடைகின்றது என்ற வினா அங்கு எழத் தொடங்கியிருந்தது.

விருந்து பெறும் புலவன் விருந்தளிப்போனைப் பாடுதல் தமிழ் மாணவருக்குப் புதியதன்று. ஆற்றுப்படை நூல்கள் கண்முன் உள்ளன. கரிகாலனிடம் இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லை உழுத கொழுப்போலப் பல் மழுங்கிப் போன பொருநனுக்கும், தாம் அருந்திய கிண்ணங்களை எவரும் எண்ணவில்லை என மகிழும் ஜோன்சனுக்கும் இடையிலுள்ள உறவு வெளிப்படை. பேராசிரியர் கைலாசபதி 1968 இல் வெளியிட்ட ‘தமிழ் வீரயுகக் கவிதை’ பற்றிய ஆங்கில நூல் இத்தகைய ஒப்பீடுகளுக்கு வழி திறந்து வைத்தது. ஆனால் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. பெரும்பாணாற்றுப்படையிலே புரவலனின் ஊரைச் சென்றடையும் வரையில் எயினர் குடியிருப்பும் ஆயர் சேரியும் உழவர் ஊரும் வலைஞர் குடியும் வழியில் வருகின்றன. அவரவர் வீட்டில் அவரவர் உணவு பாணனுக்குக் கிடைக்கின்றது. உழைப்போரின் அடுப்பும் பானையும் பாடலுக்குள் வருகின்றன. பென்ஸ்ஹேர்ஸ்றிலோ குடியானவரின் வீட்டுக்குள் பாடல் ஒருபோதும் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் மாளிகைக்கு வந்தாற்றான் உண்டு, வெறுங்கையோடு வருவதுமில்லை.

‘எவருடைய அழிவாலும் எழுந்ததன்று’ என்னும் கருத்துப்பட மாளிகையின் சுவர்களைப் பற்றி ஜோன்சன் கூறுமிடமே பாடலின் அச்சாணி எனலாம். நாட்டுக் கல்லாலான அச்சுவர்களை எழுப்பியபோது எவரும் முனகவில்லை, அவை இடிந்து விழவேண்டும் என அயலார் எவரும் விரும்பவுமில்லை என்கிறார் கவிஞர். ஒரு வீட்டைப் பாடப் புகுந்தவன் இவ்வாறு கூறவேண்டிய தேவை என்ன? ஏனைய வீடுகளின் சுவர்களில் முனகல் கேட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். ஜோன்சனின் மாற்றாந்தந்தை செங்கல் அடுக்கும் கொத்தர். ஜோன்சனும் இளமையில் அத்தொழிலைப் பழகியவர். பிற்காலத்தில் அவருடைய எதிரிகள் அதனைச் சொல்லிச் சொல்லி அவரைப் பழித்தனர். சுவரொன்று எவ்வாறு எழுகின்றது என்பதை அக்காலத்து ஆங்கிலக் கவிஞருள் அவரளவுக்குக் கைபட அறிந்தவர் இல்லை. அவரே அவ்வாறு பாடினார் என்பதிலுள்ள வேதனையை வில்லியம்ஸ் போதிய அளவு பேசவில்லை.

வரலாறும் இவ்விடத்தே பாடலுக்கு எதிர்ச்சாட்சி சொல்கின்றது. பென்ஸ்ஹேர்ஸ்ற் முன்னர் பக்கிங்ஹாம் கோமகனின் உடைமையாயிருந்தது. அவர் 1521 இல் இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டார். மாளிகை முடிக்குச் சென்றது. பின்னர் சேர் றால்ஃப் ஃபேன் என்பவருக்கு அது வழங்கப்பட்டது. 1552 பெப்ரவரியில் அவரும் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டிலே ஆறாம் எட்வேட் மன்னர் அதனைச் சேர் வில்லியம் சிட்னிக்குக் கொடுத்தார். ஆக, இரு மனிதரின் அழிவினூடாகவே அச்சுவர்கள் சிட்னி குடும்பத்தின் கைக்கு வந்தன. வில்லியம் சிட்னியின் செல்வத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மடாலயங்கள் கலைக்கப்பட்ட காலத்தில் அவர் பெற்ற றொபேட்ஸ்பிறிட்ஜ் மடத்து நிலத்திலே 1540 களில் இரும்பு உருக்கும் உலைகள் நிறுவப்பட்டன. அவருடைய மகன் சேர் ஹென்றி சிட்னி எலிசபெத் அரசியின் பிரதிநிதியாக அயர்லாந்தை அடக்கி ஆண்டவர். கெண்டை வலைக்குள் ஓடிவரும் உலகிலே உலைக்களத்துக்கும் அயர்லாந்துக்கும் இடமில்லை. ஹென்றி சிட்னி 1585 இல் மாளிகையின் வாயிற்கோபுரத்திலே ஒரு கல்வெட்டைப் பொறிப்பித்தார். எட்வேட் மன்னர் இவ்வீட்டைத் தம் தந்தைக்குக் கொடையளித்த செய்தியை அது நன்றியோடு கூறுகின்றது. கவிஞர் அந்த வாயிலைக் கடந்தே உள்ளே சென்றிருப்பார்.

பாடப்பட்ட தலைவனான றொபேட் சிட்னியும் பாடலிற் காண்பதுபோல் நிறைவோடு இருந்தவரல்லர். றத்மெல் 1971 இல் வெளியிட்ட ஆய்வொன்று குடும்பத்தாரின் கடிதங்களைக் கொண்டு அவர் கடன்பட்டு வருந்தியமையை எடுத்துக்காட்டியது. அரசவையில் மதிப்பை நிலைநாட்டவும் வீட்டை விரிவாக்கவும் அவர் விரும்பினார், கைப்பொருள் இடங்கொடுக்கவில்லை. இந்நிலையில், பிறர் வீடு கட்டுகின்றனர், இவரோ வாழ்கின்றார் எனப் பாடலை முடிப்பது புகழ்ச்சி மாத்திரமன்று. கட்ட வேண்டாம் என்று தலைவனுக்குச் சொல்லும் நயமான அறிவுரையுமாகும். டொன் வெயின் 1984 இல் இப்பாடல் பற்றி எழுதிய நூல் இன்னொரு கோணத்தைச் சேர்த்தது: சிட்னி குடும்பத்தார் பழங்குடிப் பிரபுக்களல்லர், அரச சேவையால் உயர்ந்தோர், பழைமை அவர்களுக்குத் தேவைப்பட்டது, பழைய மண்டபமும் அதனைப் பாடும் கவிஞனும் அப்பழைமையை வழங்கினர் என்பது அவரது வாதத்தின் சாரம்.

விருந்து பற்றிய பகுதியில் ஜோன்சனின் சொந்தக் குரல் தெளிவாக ஒலிக்கின்றது. தலைவன் உண்ணும் அதே இறைச்சியையும் அப்பத்தையும் மதுவையும் தாமும் உண்பதாகவும், பரிமாறுபவன் தம்மைப் பொறாமையோடு நோக்குவதில்லை எனவும் அவர் மகிழ்கின்றார். உண்மையில் இதுவும் மார்ஷலிடமிருந்து பெற்ற பொருளே; விருந்துக்கழைத்துவிட்டுத் தனக்கு மட்டும் மட்டமான உணவு தரும் புரவலன்மீது அவன் சீறிய சிறுபாடல் ஒன்று உண்டு. ஆனால் கடன் வாங்கிய பொருள் ஜோன்சனின் அனுபவத்தில் வேர்விட்டது. 1618 இல் அவர் கால்நடையாக ஸ்கொத்லாந்து சென்று, டிரமண்ட் என்னும் கவிஞருடன் தங்கியிருந்தபோது கூறியவற்றை டிரமண்ட் குறித்து வைத்தார். சோல்ஸ்பறிப் பிரபுவின் மேசையின் கீழ்க்கோடியில் அமர்த்தப்பட்டுத் தமக்கு அதே உணவு வழங்கப்படாமையால், ‘உம்மோடு உண்ண அழைத்தீர், ஆனால் நான் உம்மோடு உண்ணவில்லையே’ என்ற கருத்துப்படப் பிரபுவிடமே கூறியதாக அவர் சொன்னார். கொத்தன் வீட்டுப் பிள்ளையின் அவமானம் அது. இப்பாடலின் விருந்துப் பகுதியை வெறும் முகத்துதி என்று ஒதுக்குவோர் இதற்கு என்ன விடை தருவர்?

அவ்விடத்திலும் ஒரு சொல் இடறுகின்றது. பரிமாறுபவன் பொறாமைப்படாமைக்குக் காரணம், கீழே தனக்கும் நிறைய இறைச்சி உண்டென அவனுக்குத் தெரியும் என்பதே. ‘கீழே’ என்னும் அச்சொல் மேசையின் சமத்துவத்துக்கு எல்லை கட்டிவிடுகின்றது. கவிஞன் மேலே ஏறிவிட்டான், பரிமாறுபவன் கீழேயே இருக்கின்றான். தலைவனும் ஏவலாளரும் பெருமண்டபத்தில் ஒன்றாக உண்ணும் வழக்கம் ஜோன்சனுக்கு நெடுங்காலத்துக்கு முன்பே தேயத் தொடங்கியிருந்தது. பதினான்காம் நூற்றாண்டிலேயே லாங்லண்ட் என்னும் கவிஞர் தலைவரும் தலைவியரும் தனியறைகளுக்குச் சென்று உண்பதைக் கண்டித்திருந்தார். ஆகவே ஜோன்சன் பாடியது நிகழ்காலமன்று, மறைந்துகொண்டிருந்த ஒரு காலத்தின் நினைவு.

வேட்டைக்குச் சென்ற ஜேம்ஸ் மன்னரும் இளவரசரும் மாலையில் எதிர்பாராது மாளிகைக்கு வந்த நிகழ்ச்சி அடுத்து வருகின்றது. தலைவி பாபரா வீட்டிலில்லை. ஆயினும் கணப்புகள் யாவும் எரிகின்றன; விரிப்புகளும் வெள்ளிப் பாத்திரங்களும் ஆயத்தமாக உள்ளன; அத்தகைய விருந்தினரை எதிர்பார்த்ததுபோல் ஒவ்வோர் அறையும் அணிசெய்யப்பட்டிருக்கின்றது. பாடல் இதனைத் தலைவியின் இல்லாண்மைக்குப் புகழாக்குகின்றது. தலைவி ஊரிலில்லாதபோது கணப்பில் தீ மூட்டியோர் எவர், விரிப்பைத் துவைத்து மடித்தோர் எவர் என்பதைப் பாடல் கூறுவதில்லை.

இன்று அம்மாளிகை விற்பது இதனையே. எந்நேரமும் ஆயத்தமாயிருக்கும் வீடு. விளக்கும் விரிப்பும் வெள்ளிப் பாத்திரமும். விருந்தினன் கேட்குமுன் வந்து சேரும் வசதி. தமக்கு ஒதுக்கப்பட்ட அறையைப் பற்றி, வீடே தமதானதுபோலவும் தாமே அங்கு ஆள்வதுபோலவும் உணர்ந்ததாக ஜோன்சன் கூறுமிடம் ஒன்றுண்டு. ஒரு நாளைக்கு மாளிகையை வாடகைக்கு எடுக்கும் மணமக்கள் பணம் கொடுத்துப் பெறுவதும் அந்த உணர்வையே.

இந்நிலை திடீரென வந்ததன்று. 1894 இல் விதிக்கப்பட்ட மரண தீர்வை இரு உலகப் போர்களினூடாக உயர்ந்து, 1949 இல் மிகப்பெரிய ஆதனங்களுக்கு 80 வீதத்தை எட்டியது. நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1974 இல் இலண்டனிலுள்ள விக்ரோரியா அல்பேட் நூதனசாலை அவ்வழிவையே பொருளாகக் கொண்டு ஒரு கண்காட்சியை நடத்தியது. இடியாது எஞ்சியவை கதவைத் திறந்தன. லோங்லீற் மாளிகை 1949 இல் கட்டணம் பெற்றுப் பொதுமக்களை அனுமதித்தது, பிறவும் பின்தொடர்ந்தன. இங்கிலாந்திலும் வேல்சிலும் சமயச் சார்பற்ற விவாகங்கள் பதிவுக் கந்தோர்களில் மட்டுமே நடைபெறலாம் என்றிருந்த நிலையை 1994 ஆம் ஆண்டின் விவாகச் சட்டம் மாற்றியது. 1995 முதல் அங்கீகாரம் பெற்ற வேறு கட்டடங்களிலும் அவை நிகழலாயின. நாட்டுப்புற மாளிகைகள் மணமண்டபங்களாகப் பெருகியமைக்கு இச்சட்டம் முக்கிய காரணம். எவ்வளவு அழகிய தோட்டமாயினும் சடங்கு கூரையின் கீழேயே நடைபெற வேண்டும் என்ற விதி 2021 வரை நீடித்தது. சட்டமும் வரியும் சேர்ந்து மாளிகையின் பொருளியலைத் தலைகீழாக்கின. முன்னர் குடியானவர் கொணர்ந்த வாரத்தால் வீடு விருந்திட்டது. இன்று விருந்தினர் கொணரும் பணத்தால் வீட்டின் கூரை செப்பனிடப்படுகின்றது.

இதனை வீழ்ச்சியெனக் கொண்டு பழைய விருந்தோம்பலுக்காகக் கண்ணீர் வடிப்போர் உளர். அவர்கள் ஜோன்சனின் பாடலை அவர் நம்பியதிலும் அதிகமாக நம்புகின்றனர். விலை சொல்லப்படும் விருந்தில் ஒரு நேர்மை உண்டு. பரிமாறுபவனின் வேலைக்கு மணிக்கணக்கும் கூலியும் உண்டு. அவனுக்குக் கிடைப்பது கீழே மிஞ்சிய இறைச்சியன்று. அக்கூலி போதுமானதா என்பது வேறு வினா. ஆனால் அவ்வினாவைக் கேட்கலாம். ஜோன்சனின் உலகில் அதனைக் கேட்பதற்கு இடமே இருக்கவில்லை. மறுபுறம், வாடகைக்கு விடப்படும் மாளிகை தன் விளம்பரங்களிற் காட்டும் முகம் ஜோன்சனின் முகமே: பழைமை, அமைதி, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம். பக்கிங்ஹாமும் ஃபேனும் அங்கே வருவரேல் சுவைமிக்க கதைகளாக மட்டுமே வருவர். இப்பாடலை விளம்பரத்தின் முன்னோடி என ஒருவர் கூறினால் முற்றாக மறுத்தல் இயலாது. விளம்பரம் தன் எதிர்மறைகளை ஒளித்துவிடும். இப்பாடலோ அழிவு, முனகல், பொறாமை ஆகிய சொற்களை வாய்விட்டு உச்சரிக்கின்றது. அவ்வுச்சரிப்பே அதனை இலக்கியமாக்குகின்றது.

மணம் என்பது பிற்காலத்தில் வெளியிலிருந்து இவ்வீட்டுக்குள் வந்து சேர்ந்த ஒன்றன்று. பாடலுக்குள்ளேயே அது உண்டு. குடியானவர் காயடித்த சேவலும் பலகாரமும் பாற்கட்டியும் கொண்டு வருகின்றனர். சிலர் அவற்றைத் தம் பருவமெய்திய பெண்மக்களிடம் கொடுத்தனுப்புகின்றனர். அப்பெண்களுக்குக் கணவர் வாய்க்க இது வழியாகும் என்பது பெற்றோரின் எண்ணம். அவர்களின் கூடையிலுள்ள பழங்கள் அவர்களுக்கே குறியீடு என்கிறார் ஜோன்சன். மார்ஷலிலும் உழவரின் பெண்மக்கள் கூடையோடு வருகின்றனர். ஆனால் அங்கே அவர்கள் தம் தாயர் தந்த பரிசைச் சுமந்து வருவோர், அவ்வளவே. பெண்ணையும் பழத்தையும் ஒன்றாக்கியது ஜோன்சனின் சேர்க்கை. கொல்லப்பட மனமுவந்த கௌதாரியும் கைக்கெட்டும் பழமும் இப்பெண்களும் ஒரே வரிசையில் மாளிகையை நோக்கி நகர்வதை வாசகர் கவனிக்காதிருத்தல் இயலாது. வில்லியம்ஸின் கண் உழைப்பில் இருந்தது. இவ்விடத்தை அவர் விரைவாகக் கடந்துவிட்டார். இவ்வகையில் முதலில் அச்சேறிய பாடல் ஒரு பெண்ணினுடையது என்பதும் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. அமீலியா லானியர் 1611 இல் வெளியிட்ட ‘குக்ஹாம்’ பற்றிய பாடல், அங்கு வாழ்ந்த பெண்கள் தமக்கு உரித்தில்லாத அவ்வீட்டை விட்டுப் பிரிவதைப் பாடுகின்றது. ஜோன்சனின் தலைவன் வாழ்கின்றான். லானியரின் பெண்கள் விடைபெறுகின்றனர்.

குடியானவரின் மகளுக்கு நேர்ந்ததே தலைவிக்கும் நேர்ந்தது. பாபரா கமேஜ் வேல்சின் பெருஞ்செல்வக் குடும்பத்துக்கு ஒரே வாரிசு. 1584 இல் தந்தை இறந்ததும் அவரை மணக்கப் பலர் போட்டியிட்டனர், அரசவையும் தலையிட்டது. சில நாள்களுக்குள் றொபேட் சிட்னிக்கு அவர் மணம் முடிக்கப்பட்டார். மணத்தைத் தடுக்கும் அரச கட்டளை வந்து சேர்ந்தபோது சடங்கு முடிந்துவிட்டிருந்தது. மாளிகையின் தோப்பொன்று கமேஜ் என்னும் பெயரால் வழங்குவதைப் பாடல் மகிழ்ச்சியோடு குறிக்கின்றது. தலைவியின் கற்பைப் புகழுமிடத்தில், பிள்ளைகளைத் தன்னுடையோர் எனத் தலைவன் துணிந்து சொல்லலாம் என்றும், இக்காலத்தில் அது அரிய பேறு என்றும் கூறுகின்றது. புகழ்ச்சியின் நடுவே இப்படியொரு கணக்கு எதற்கு? நிலம் யாரிடம் செல்லும் என்ற கவலை அங்கே பேசுகின்றது.

அப்பிள்ளைகளுள் மூத்தவர் மேரி. 1604 செப்ரெம்பரில் இதே பென்ஸ்ஹேர்ஸ்றிலே சேர் றொபேட் றோத் என்பவருக்கு அவர் மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். மணம் நடந்த சில வாரங்களுக்குள்ளேயே மருமகன் மனநிறைவின்றி இருப்பதைத் தந்தை தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். பொறாமை கொண்ட ஒருவனுக்கு அப்பெண் தகுதியின்றி மணமுடிக்கப்பட்டாள் என ஜோன்சனே பின்னர் டிரமண்டிடம் சொன்னார். 1614 இல் கணவர் பெருங்கடனை விட்டு இறந்தார். 1621 இல் மேரி றோத் ‘யுறேனியா’ என்னும் நீண்ட உரைநடைக் காதற்கதையை, ஈற்றிலே தாம் இயற்றிய பாமாலையும் சேர்த்து, வெளியிட்டார். ஆங்கிலத்தில் பெண்ணொருவர் எழுதி அச்சேற்றிய முதலாவது உரைநடைக் காதற்கதை அது. விருப்பமில்லா மணங்கள் அக்கதையில் மீண்டும் மீண்டும் வருகின்றன. பிரபு ஒருவர் தம் குடும்பக் கதை அதிலே வெளிப்பட்டுவிட்டதாகச் சினந்தார். நூலின் விற்பனை நின்றது.

பாடத்திட்டங்களில் ‘பென்ஸ்ஹேர்ஸ்றுக்கு’ வைக்கப்படும் இடங்களில் அவ்வீட்டு மகள் எழுதியதில் ஒரு பகுதியையேனும் உடன் வைத்தால், பழக்கூடையின் மறுபக்கத்தை மாணவர் காண்பர். ‘வனம்’ தொகுதியிலோ பென்ஸ்ஹேர்ஸ்ற் பாடலை அடுத்து வருவது மேரியின் கணவர் றொபேட் றோத்தையும் அவருடைய நாட்டுப்புற வாழ்வையும் புகழும் பாடலாகும். வேட்டையும் அறுவடையும் கணப்பருகே கூடும் அயலாரும் அதிலும் நிறைய உண்டு. தலைவனோடு விருந்தினரை வரவேற்கும் உயர்குடி மனைவி ஒருத்தி அங்கே ஓரிடத்தில் தோன்றுகின்றாள். அவளுடைய பெயர் பாடலில் இல்லை.